கற்போர் உறையுளும் உணவும் – ஒரு நோக்கு

நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியின் கூறுகளை ஐந்தாகப் பகுத்துரைக்கிறது. நூல், ஆசிரியன், பாடம் சொல்லும் முறை, மாணாக்கன், பாடம் கேட்கும் முறை என்பன அவை. தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் பசுவையும் உவமை காட்டும் அளவுக்கு நுணுகி நோக்கிய பவணந்தி முனிவர், அம்மாணாக்கன் இரவில் எங்கே படுத்தான், பகலில் எதை உண்டான் என்பதைத் தனிக் கூறாக எடுத்துரைக்கவில்லை. இதனை நூலாசிரியரின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. கற்பிப்போன் இல்லமே கற்போன் உறைவிடமாக இருந்த காலத்தில் உறையுள் என்பது தனியே எண்ணப்பட வேண்டிய ஒன்றாகத் தோன்றியிராது. மீன் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை அன்றோ!

இன்றைய நிலை வேறு. வகுப்பறை ஓரிடம், வீடு பிறிதோரிடம் என்றாகிவிட்டது. கடற்கரைச் சிற்றூரிலிருந்தும், மானாவாரிக் கரிசல் ஊரிலிருந்தும், மலையடிவாரத்திலிருந்தும் நகரத்துக் கல்லூரிக்கு வரும் மாணவன் சேர்க்கைக் கடிதத்தைப் பெற்ற அன்றே இரண்டாவது தேர்வு ஒன்றை எழுதத் தொடங்குகிறான். தங்க இடம் எது, உணவுக்கு வழி என்ன என்பனவே அத்தேர்வின் வினாக்கள். மதிப்பெண் குறைந்தால் நாம் காரணம் கேட்கிறோம். வருகைப்பதிவு குறைந்தால் பெற்றோரை அழைக்கிறோம். இந்த இரண்டாவது தேர்வில் தோற்றவனைப் பற்றிய பதிவு எந்தக் கல்லூரிப் பேரேட்டிலும் இருப்பதில்லை. அவன் 'இடையில் நின்றவன்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறான்.

ஆதலின் மாணவர் உறையுளையும் உணவையும் கல்வியின் ஆறாம் கூறாகவே எண்ண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. இது புதிய கோரிக்கை அன்று; தமிழகத்துக் கல்வெட்டுகளே இதற்குச் சான்று பகர்கின்றன.

கல்வெட்டுகள் காட்டுவன

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. 270 இளநிலை மாணவர், 70 மேல்நிலை மாணவர், 14 ஆசிரியர் அடங்கிய ஒரு கல்லூரிக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. யார் யார் எந்தெந்தப் பாடம் பயின்றனர் என்னும் கணக்கும் அதில் உண்டு: இருக்கு வேதத்திற்கு 75 பேர், யசுர் வேதத்திற்கு 75 பேர், இலக்கணத்திற்கு 40 பேர் என அது விரிகிறது. நம் நோக்கிற்கு இன்றியமையாத பகுதி அதனை அடுத்து வருவது. இளநிலை மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரு நாழி நெல். ஆசிரியர் ஊதியமும் மாணவர் உணவும் ஒரே ஆவணத்தில், ஒரே நிலத்தின் விளைவிலிருந்து கணக்கிடப்பட்டுள்ளன. புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள திருபுவனையில் 1048-ஆம் ஆண்டைச் சார்ந்த முதலாம் இராசாதிராசன் காலக் கல்வெட்டும் 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் இவ்வாறே 72 வேலி நிலத்திலிருந்து வழிவகை செய்கிறது.

இவற்றினும் நெஞ்சைத் தொடுவது திருமுக்கூடல் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூர்க் கோயிலில், வீரராசேந்திரன் ஆட்சியில் (1063–1070) பொறிக்கப்பட்டது அது. அங்குக் கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் ஒருங்கே இயங்கின. விடுதியில் உறைவோர்க்கு உணவு தந்ததோடு அறம் முடிந்ததாக அந்நாளைய அறங்காவலர் எண்ணவில்லை. படுக்கப் பாய், சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் என்றெல்லாம் நிவந்தம் வகுத்துள்ளனர். ஒரு மாணவனுக்குப் பாய் வேண்டும், முழுக்கு வேண்டும், இருட்டிய பின் படிக்க வெளிச்சம் வேண்டும் என்பதை ஒன்பதரை நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த சமுதாயம் இது. மின்விளக்கு எரியாத விடுதி அறையைப் பற்றி விடுதிக் காப்பாளரிடம் மூன்று முறை விண்ணப்பம் எழுதிய மாணவர் யாரேனும் இதனைப் படித்தால் பெருமூச்சு விடுவர்!

உண்மையை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. இவ்வறங்கள் ஒரு வகுப்பாரின் வேதக் கல்விக்கு அமைந்தவை. உழுதவன் மகனுக்கும் நெய்தவன் மகனுக்கும் அந்த விடுதிகளில் பாய் விரிக்கப்படவில்லை. ஆயினும் கொள்கை அளவில் ஒன்று பெறப்படுகிறது. படிப்பிப்பது என்று ஓர் அமைப்பு முடிவு செய்துவிட்டால், படிப்பவனின் வயிறும் துயிலும் அவ்வமைப்பின் பொறுப்பாகும். அக்கொள்கையை எல்லார்க்கும் உரியதாக்குவதே பிற்காலத்தின் கடமை.

மற்றொரு நுட்பத்தையும் ஈண்டுச் சுட்ட வேண்டும். அக்காலத்துக் கொடை நெல்லாக அளக்கப்பட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆறு நாழி நெல் ஆறு நாழி நெல்லே. இன்றைய உதவித் தொகைகள் ரூபாயாக அளக்கப்படுகின்றன. அறிவிக்கப்பட்ட நாளன்று போதுமானதாக இருக்கும் தொகை மூன்றாம் ஆண்டில் பாதி வயிற்றுக்கே போதும். ஆணையில் எண் மாறாது, தட்டில் சோறு குறையும். இதனைப் பின்னர் மீண்டும் காண்போம்.

பக்தாதும் பாரிசும்

திருமுக்கூடல் கல்வெட்டு வெட்டப்பட்ட அதே பதினாண்டுகளில், பக்தாதில் நிசாமுல் முல்க் நிறுவிய நிசாமிய்யா கல்விக்கூடம் 1067-இல் திறக்கப்பட்டது. அறக்கட்டளைச் சொத்துகளின் வருவாயிலிருந்து ஆசிரியர்க்கு ஊதியமும் மாணவர்க்கு உதவியும் உறையுளும் வழங்கும் முறையை அது பரவலாக்கியது. அந்நகரிலேயே கலீபா முஸ்தன்ஸிர் எழுப்பி 1234-இல் நிறைவுற்ற முஸ்தன்ஸிரிய்யாவில் மாணவர்க்கு ரொட்டியும் பிற உணவும் மாதம் ஒரு பொற்காசும் கிடைத்தன. அவர்க்கெனக் குளியலிடமும் இருந்தது. கெய்ரோவின் அல் அஸ்ஹரில் 'ரிவாக்' எனப்படும் உறைவிடப் பகுதிகள் நாடுவாரியாக அமைந்தன. மக்ரிபு நாட்டினர்க்கு ஒன்று, சிரியர்க்கு ஒன்று, சாவகத்தினர்க்கு ஒன்று என அவை வகுக்கப்பட்டிருந்தன. தன் மொழி பேசுவோரிடையே முதல் சில மாதங்களைக் கழிக்கும் புதிய மாணவனுக்கு ஊர் ஏக்கம் குறையும் என்பதை அவ்வமைப்பை வகுத்தோர் அறிந்திருந்தனர் போலும்.

மேலைநாட்டிலும் கதை இதுவே. பாரிசு நகரின் முதற் கல்லூரி எனக் கருதப்படுவது பாடம் நடத்தும் இடமாகத் தோன்றவில்லை. 1180-இல், எருசலேம் பயணத்திலிருந்து திரும்பிய இலண்டன் நகரத்து ஜோஸ் என்பவர், ஒரு மருத்துவமனையில் 18 ஏழை மாணவர் படுத்துறங்க ஓர் அறையை விலை கொடுத்துப் பெற்றுத் தந்தார். 'பதினெண்மர் கல்லூரி' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. மருத்துவமனையில் இறந்தோர்க்கு முன்னே சிலுவையும் புனித நீரும் ஏந்திச் செல்வது அம்மாணவர் கடமையாக இருந்ததாம். திருமுக்கூடலிலும் பாரிசிலும் மாணவர் உறைவிடம் மருத்துவச் சாலையை ஒட்டி அமைந்தமை வியப்புக்குரிய ஒற்றுமை. கல்லூரி என்னும் அமைப்பே அங்குப் படுக்கையிலிருந்துதான் பிறந்தது. கரும்பலகை பின்னர் வந்தது.

மகாவித்துவான் வீட்டுத் திண்ணை

தமிழ்த்துறையினராகிய நமக்கு இன்னும் அண்மையான சான்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வாழ்க்கையாகும். தம்மிடம் பயின்றோர் பலர்க்கு உணவும் உடையும் அளித்துத் தாம் கடன்பட்டவர் அவர். அவரிடம் பாடம் கேட்டோருள் நாகூர் குலாம் காதிறு நாவலரும் ஒருவர் என்பது நம்மவர் நன்கறிந்த செய்தி. 1871-ஆம் ஆண்டை ஒட்டி மாயூரத்தில் உ. வே. சாமிநாதையர் அவரிடம் மாணவராகச் சேர வந்தபோது, பாடத்தைப் பற்றிய பேச்சோடு உணவைப் பற்றிய பேச்சும் எழுந்ததை ஐயரவர்கள் தம் 'என் சரித்திரம்' நூலில் எழுதியுள்ளார். அந்நாளைய சாதி வழக்கப்படி ஆசிரியர் இல்லத்தில் அவர் உண்ண இயலாது. தந்தையார் உணவுச் செலவுக்குப் பொறுப்பேற்ற பின்னரே பாடம் கேட்க வழி பிறந்தது. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு கிட்டியது. வறிய தந்தை ஒருவர் அன்று கைவிரித்திருந்தால் சீவகசிந்தாமணியின் 1887-ஆம் ஆண்டுப் பதிப்பும், அதன் பின் வந்த சங்க நூற் பதிப்புகளும் அவர் கையால் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1916

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியபோது அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. மாணவன் எங்கே தங்குகிறான் என்பது அதன் கவலை அன்று. மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்த இளைஞர் திருவல்லிக்கேணித் தெருக்களில் இடம் தேடி அலைந்தனர். உணவு விடுதிகளில் சாதி பார்க்கப்பட்டது. பணம் இருந்தும் பந்தியில் இடம் இல்லாத நிலை!

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் டாக்டர் சி. நடேச முதலியார். தொழிலால் மருத்துவரான அவர் 1916-இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் மாணவர் விடுதியைத் தொடங்கினார். பிராமணரல்லாத மாணவர் தங்கிப் படிக்க அது இடமளித்தது. பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் அவ்வில்லத்தில் தங்கியோருள் ஒருவராகக் குறிக்கப்படுகிறார். விடுதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஆயினும் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தின் வரலாற்றை எழுதுவோர் யாரும் அவ்விடுதியைக் குறிப்பிடாமல் கடந்து செல்வதில்லை. அதே 1916-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியை நிறுவினார். அது பின்னர் விடுதியோடு வளர்ந்தது. அரசு ஆணைகளால் தொடங்கியவை அல்ல இவை. தனி மனிதர் இருவர் தெருவில் நின்ற பிள்ளைகளைக் கண்டு செய்தவை.

விடுதியின் சாப்பாட்டுக் கூடம் எத்துணை ஆழமான பொருளுடையது என்பதைச் சேரன்மாதேவி குருகுலம் காட்டிற்று. வ. வே. சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்திற்குத் தமிழ்நாடு காங்கிரசுக் குழு 10,000 ரூபாய் தர இசைந்து, முதற்கண் 5,000 ரூபாய் வழங்கியிருந்தது. அங்குப் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளிவந்தது. டாக்டர் வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் அதனை எதிர்த்தெழுந்தனர். 1924–25-இல் மூண்ட அப்பூசல் தமிழக அரசியலின் போக்கையே திருப்பியது. ஐயர் 1925 சூனில் பாபநாச அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார். அவரது நாட்டுப்பற்றிலோ புலமையிலோ ஐயம் கொள்வார் இலர். ஆயினும் இரண்டு இலைகள் வேறிடத்தில் போடப்பட்டமையே அக்குருகுலத்தைப் பற்றி இன்றளவும் நினைக்கப்படும் முதற் செய்தியாக உள்ளது. விடுதி நிர்வாகிகள் இதனை ஒருபோதும் மறத்தல் ஆகாது.

நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்

இனி இக்காலத்திற்கு வருவோம். தமிழக அரசு நடத்தும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல விடுதிகள் இந்தியாவில் பிற மாநிலத்தார் வியக்கும் பரப்புடையவை. 2025 சூலையில் இவை அனைத்திற்கும் 'சமூகநீதி விடுதிகள்' என்னும் பொதுப்பெயர் சூட்டப்பட்டது. சாதிப் பெயர்ப் பலகையின் கீழ் உறங்கிய மாணவர்க்கு இது சிறு ஆறுதல் அன்று. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டமும் தொடங்கப்பெற்று, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்கு வருவோர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வழி செய்தன. அத்தொகை பல மாணவர்க்குப் பேருந்துச் செலவையும் குறிப்பேட்டுச் செலவையும் தாங்கியது.

ஆனால் சோற்றுக் கணக்கைப் பார்க்க வேண்டும். கல்லூரி விடுதி மாணவர் ஒருவர்க்கான உணவுப்படி 2023-இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்க உயர்வே. அதனை முப்பது நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் அது. வெளியே ஓர் உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அது போதாது என்பதை மாணவர் அறிவர். விடுதிக் காப்பாளர் எத்துணை நேர்மையாளராயினும் இத்தொகைக்குள் வாரம் ஒருநாள் இறைச்சியும் நாள்தோறும் காய்கறியும் தருவது வித்தை காட்டுவதை ஒக்கும். எண்ணாயிரத்து ஆறு நாழி நெல்லை நினைவிற்கொண்டு நாம் கேட்கத்தக்கது ஒன்று உண்டு. உணவுப்படியை ஆட்சியாளர் நினைத்தபோது உயர்த்தும் கொடையாக வைத்திராமல், விலைவாசிக் குறியீட்டெண்ணோடு பிணைத்து ஆண்டுதோறும் தானே உயரும்படி செய்தல் வேண்டும். அரசு ஊழியர் அகவிலைப்படிக்கு இம்முறை நெடுங்காலமாக உள்ளது. மாணவர் வயிற்றுக்கு மட்டும் ஏன் இல்லை?

கல்லூரிகள் தாமே நடத்தும் விடுதிகளில் பெரும்பாலும் பங்கீட்டு முறை கையாளப்படுகிறது. மாணவர் பேச்சில் அது 'டிவைடிங் சிஸ்டம்' ஆகும். மாதத்தில் ஆன மொத்தச் செலவை உண்டவர் எண்ணிக்கையால் வகுத்து மெஸ் பில் போடுவது அதன் இயல்பு. இலாப நோக்கற்றது என்பதால் நல்ல முறையே. எனினும் அதில் ஒரு முள் மறைந்துள்ளது. அரிசி, பருப்பு, காய்கறிச் செலவு உண்போர் குறையக் குறையும். சமையற்காரர் ஊதியம், எரிவாயு, மின்கட்டணம் ஆகியவை அவ்வாறு குறைவதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக்கு, 200 பேர் உண்ணும் விடுதியில் ஊதியம் முதலிய நிலைச்செலவு மாதம் 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். அனைவரும் இருக்கும் மாதத்தில் அது தலைக்கு 600 ரூபாய். பண்டிகை விடுமுறையில் 80 பேர் ஊர் சென்று, அவர்கட்குக் கழிவு தரப்பட்டால் எஞ்சிய 120 பேரின் தலையில் அது 1,000 ரூபாயாக ஏறுகிறது.

விடுமுறையிலும் விடுதியில் எஞ்சுவோர் யாவர்? ஊர் தொலைவானவர், பயணச் செலவுக்கு வழியற்றவர், போய்த் தங்க வீடே இல்லாதவர். அவர்கள்தாம் மற்றவர்க்காகவும் செலுத்துகின்றனர்! இதனை எந்தப் பொருளாளரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. கணக்கு தானே அவ்வாறு வகுத்துவிடுகிறது. நிலைச்செலவைத் தனியே பிரித்து ஆண்டு முழுமைக்கும் எல்லார் மீதும் சமமாகப் பரப்பினால் இக்குறை நீங்கும். கணக்குப் பதிவேட்டில் ஒரு கோடு கிழிக்கும் வேலையே இது. மெஸ் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் இருந்து மாதக் கணக்கைப் பார்த்துக் கையொப்பமிட்டால் இத்தகைய நுட்பங்கள் தாமே வெளிவரும்.

வாடகை அறையும் வரியும்

விடுதியில் இடம் கிடையாதோர் வெளியே அறை தேடுகின்றனர். அங்கே வீட்டுரிமையாளரின் முதல் வினா பெயர் என்ன என்பது. இரண்டாம் வினா என்ன சாப்பிடுவீர்கள் என்பது. இவ்விரு வினாக்களின் பின்னே என்ன உள்ளது என்பதை இசுலாமிய மாணவரும் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவரும் நன்கறிவர். 'வீடு காலி இல்லை' என்னும் பலகை சிலர்க்கு மட்டுமே தொங்குகிறது. 2006-இல் வெளிவந்த நீதியரசர் சச்சார் குழு அறிக்கை, சிறுபான்மை மாணவர்க்குக் குறைந்த செலவில் விடுதி வசதி செய்வதை முன்னுரிமையாகக் கொள்ள வேண்டும் என்றும், எல்லா அளவுடைய நகரங்களிலும் மாணவியர்க்கு அது குறிப்பாக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இடைக்காலத்தில், சிறுபான்மை ஆய்வு மாணவர்க்கென வழங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் நடுவணரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. நூலகத்தருகே ஓர் அறை எடுத்துத் தங்கி ஆய்வேடு எழுதத் துணைநின்ற தொகை அது.

முறையான எடுத்துரைப்பு பயன் தரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. நாள் வாடகை 1,000 ரூபாய்க்குட்பட்ட தங்குமிடங்களுக்கு இருந்த வரிவிலக்கு 2022 சூலையில் நீக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து தனியார் விடுதிகளும் உணவக அறைகளைப் போன்றவையே, ஆதலின் 12 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரிக்கு உரியவை என்று முன்தீர்ப்பு ஆணையங்கள் சில கூறின. சுமை தங்கியிருப்போர் தலையில் விழுந்தது. தமிழகத்து மகளிர் விடுதி நடத்துநர் சிலர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். விடுதி அறை அதில் தங்குவோர்க்கு வீடே. உணவக அறை அன்று என்னும் கருத்தை ஏற்று 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றம் விலக்களித்துத் தீர்ப்புரைத்தது. அதே ஆண்டு சூன் 22-இல் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், தொடர்ந்து 90 நாட்களேனும் தங்குவோர்க்கு, ஒருவர்க்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான விடுதிக் கட்டணத்திற்கு விலக்களிக்கப் பரிந்துரைத்தது. முழக்கத்தால் வந்த வெற்றியன்று இது. 'வீடு' என்னும் சொல்லின் பொருளை ஆவணங்களோடு நிறுவியதால் வந்தது. சொற்பொருள் ஆராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர் இவ்வழக்கை நோக்குக.

பாதுகாப்பும் மனநலமும்

உறையுள் என்பது கூரை மட்டும் அன்று. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் விடுதியில் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமை தமிழகத்தை உலுக்கியது. அதன் விளைவாகவே 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. சட்டம் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. இரவு பதினொரு மணிக்கு விடுதித் தாழ்வாரத்தில் நடமாடும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே வினா.

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகள் பெருகியதைக் கண்ட உச்சநீதிமன்றம், 2025 மார்ச்சில் நீதியரசர் இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மாணவரின் மனத்துயர்க்குப் பாடச்சுமை மட்டுமே காரணம் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். கட்டண பாக்கிக்காகத் தேர்வு நுழைவுச்சீட்டு நிறுத்தப்பட்டவன், மெஸ் பாக்கியால் பெயர்ப்பலகையில் எழுதப்பட்டவன், அறைத் தோழரால் சாதி சுட்டி ஒதுக்கப்பட்டவன் ஆகியோரின் துயரைப் பாடத்திட்டக் குறைப்பு தீர்க்காது. பாக்கி வைத்தோர் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதும் வழக்கத்தை இன்றே கைவிடலாம். அதற்கு எந்த நிதியும் வேண்டியதில்லை. 14416 என்னும் மனநல உதவி எண் ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறத்திலும் இருக்கட்டும். வெளிப்புறத்தில் ஒட்டினால் பார்ப்பவர் முன் நின்று குறித்துக்கொள்ள மாணவன் கூசுவான்.

மாணவியர் விடுதி பற்றிப் பெரியோர் முன்னிலையில் ஒன்று பணிவுடன் கூறத்தக்கது. பெண்மக்களைத் தொலைவுக்கு அனுப்பும் பெற்றோரின் அச்சம் மதிக்கத்தக்கதே. ஆயினும் நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க, மாணவியர் விடுதிக் கதவு ஆறு மணிக்கே அடைபடுமாயின், அந்நூலகத்தின் இரண்டு மணி நேரம் ஆண்களுக்கு மட்டும் உரியதாகிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிகளில் மாணவர்க்கு இல்லாத கட்டுப்பாடுகளை விதித்தல் ஆகாது என்று மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளே கூறுகின்றன. கதவை முன்னதாக அடைப்பதினும் நூலகத்திலிருந்து விடுதி வரை விளக்குக் கம்பங்கள் நடுவதும், ஒரு காவலரை அமர்த்துவதும் செலவு மிக்கவை. அச்செலவைத் தவிர்க்கவே பல இடங்களில் கதவு அடைக்கப்படுகிறது என்று ஐயுற இடமுண்டு.

கொடையாளர்க்கு ஒரு விண்ணப்பம்

நம் சமுதாயத்தில் கொடைக்குக் குறைவில்லை. விடுதிக் கட்டடம் எழுப்ப நிதி கேட்டால் தருவோர் உளர். முகப்பில் பெயர்க்கல் பதிக்கிறோம். கட்டி முடித்தபின் சமையற்காரர் ஊதியத்திற்கும், நீர் ஏற்றும் பம்பு பழுதுக்கும், கிழிந்த மெத்தையை மாற்றவும் நிதி கேட்டால் கைகள் சுருங்குகின்றன. சோழர் காலக் கொடையாளர் கட்டடத்தோடு நிறுத்தாமல் விளைநிலத்தை எழுதி வைத்தனர். பக்தாதின் கொடையாளர் கடைத்தெருக்களின் வாடகையை எழுதி வைத்தனர். ஆண்டுதோறும் வருவாய் தரும் ஒரு கடை, ஒரு தென்னந்தோப்பு, ஒரு வாடகை வீடு விடுதியின் அன்றாடச் செலவுக்கென எழுதி வைக்கப்படுமாயின் அது புதிய மாடி ஒன்றினும் மேலானது. கொடை ஆவணத்தில் இன்ன செலவுக்கு என்று தெளிவாகக் குறித்தல் இன்றியமையாதது. திருமுக்கூடலார் பாய்க்கும் எண்ணெய்க்கும் குறித்தது போல.

மாணவர் செய்யத்தக்கதும் உண்டு. எந்தக் கோரிக்கைக்கும் முதலில் கணக்கு வேண்டும். நம் கல்லூரியில் எத்தனை பேர் விடுதியில், எத்தனை பேர் வாடகை அறையில், எத்தனை பேர் நாள்தோறும் மூன்று மணி நேரத்திற்கு மேல் பயணத்தில் உள்ளனர்? காலை உணவின்றி முதல் வகுப்புக்கு வருவோர் எத்துணையர்? சேர்க்கை விண்ணப்பத்தில் சாதி, சமயம், பெற்றோர் வருமானம் ஆகியவற்றிற்கு இடம் உண்டு. எங்கே தங்கப் போகிறாய் என்னும் வினாவிற்கு இடமில்லை. அவ்வொரு வரியைச் சேர்க்குமாறு ஆட்சிமன்றக் குழுவை வேண்டலாம். அதுவரை, ஒவ்வொரு துறையிலும் இரண்டாம் ஆண்டு மாணவர் நால்வர் சூன் மாதத்து முதல் வாரத்தில் புதியவர்களிடம் கேட்டு எழுதி, பெயர்களை மறைத்துத் தொகுத்து, எண்களை மட்டும் முதல்வரிடம் அளிக்கலாம். கல்லூரியைச் சுற்றி வாடகைக்குக் கிடைக்கும் அறைகள், அவற்றின் வாடகை, முன்பணம், குடிநீர் வசதி, உரிமையாளர் யாரையும் விலக்காதவரா என்பன அடங்கிய பதிவேடு ஒன்றையும் அதே குழுவினர் ஆண்டுதோறும் புதுப்பித்து நூலக வாயிலில் வைக்கலாம். ஐந்தாண்டுப் பதிவுகள் சேர்ந்துவிட்டால், புதிய விடுதி வேண்டி அரசுக்கு எழுதும் விண்ணப்பத்தில் உணர்ச்சிச் சொற்களுக்குப் பதிலாக எண்களை இணைக்க இயலும்.